ஷைலக் வேடம் கட்டியபோது

ஷைலக் வில்லனா, பாவப்பட்டவனா என்று யாராவது கேட்டால், எந்தக் காட்சியில் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். மழுப்புவதற்காக இல்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் மொத்தம் 20 காட்சிகள். ஷைலக் வருவது ஐந்தில் மட்டும்தான். அந்த ஐந்திலும் அவன் ஒரே மாதிரி இருப்பதில்லை. எங்கள் சிறு நாடகக் குழு இதைத் தமிழில் மேடையேற்றியபோது ஷைலக் வேடம் எனக்கு வந்தது. அந்த ஐந்து காட்சிகளையும் உருப்போட்டு, வாய்விட்டுப் பேசி, ஒத்திகையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகு ஒன்று தெளிவானது: இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவர்கள் ஏதாவது ஒரு காட்சியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸானியோவுக்கு போர்ஷியாவைப் பெண் கேட்டுப் போகப் பணம் வேண்டும். நண்பன் அன்டோனியோவின் சொத்தெல்லாம் கப்பல்களில், கடலில் இருக்கிறது. அதனால் யூதரான ஷைலக்கிடம் மூன்று மாதக் கெடுவில் 3000 டக்கட் (அக்காலத் தங்க நாணயம்) கடன் வாங்குகிறார்கள். வட்டி இல்லை. கெடு தவறினால் அன்டோனியோவின் உடம்பில் ஷைலக் விரும்பும் இடத்தில் ஒரு பவுண்டு சதையை அறுத்துக்கொள்ளலாம் என்று பத்திரம். கப்பல்கள் மூழ்கிவிட்டதாகச் செய்தி வருகிறது, வழக்கு நீதிமன்றம் போகிறது. ஆண் வேடத்தில் வழக்கறிஞராக வரும் போர்ஷியா, ‘சதையை எடுத்துக்கொள், பத்திரத்தில் இல்லாத ஒரு சொட்டு ரத்தமும் சிந்தக் கூடாது’ என்று மடக்குகிறாள். ஷைலக் சொத்தை இழக்கிறான், மதம் மாறவும் சம்மதிக்க வேண்டியதாகிறது.

ஒத்திகை தொடங்குமுன் நாங்கள் கொஞ்சம் வரலாறு படித்தோம். அது வீண்போகவில்லை. நாடகம் எழுதப்பட்டது 1596–97 வாக்கில். இங்கிலாந்தில் யூதர்களை முதலாம் எட்வர்ட் அரசன் 1290இலேயே வெளியேற்றிவிட்டான். 1650கள் வரை அங்கே யாரும் வெளிப்படையாக யூதராக வாழ முடியாது. ஆக, முதன்முதலில் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு யூதர் என்றால் கதையில் கேட்ட ஆள்தான், பக்கத்து வீட்டு மனிதர் இல்லை. போதாததற்கு, எலிசபெத் அரசியின் மருத்துவரான ரோட்ரிகோ லோபஸ், போர்ச்சுகீசிய யூத வம்சாவளியைச் சேர்ந்தவர், அரசிக்கு விஷம் வைக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1594இல் தூக்கிலிடப்பட்டிருந்தார். 1600இல் அச்சான முதல் பதிப்பின் முகப்பிலேயே ஷைலக்கின் ‘அளவுகடந்த கொடுமை’ என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். வாங்குகிறவர் புத்தகத்தைப் பிரிக்கும் முன்பே தீர்ப்பு கைக்கு வந்துவிடுகிறது.

வெனிஸ் கதை வேறு. அங்கே யூதர்கள் வாழலாம், ஆனால் 1516 முதல் கெட்டோ என்ற ஒதுக்குப்புறப் பகுதிக்குள் மட்டும். இரவில் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். வெளியே வந்தால் யூதர் என்று காட்டும் அடையாளத்தோடுதான் நடமாட வேண்டும். செய்யக்கூடிய தொழில்களும் குறைவு. வட்டிக்குக் கொடுப்பது அவற்றில் ஒன்று. நகரத்துக்கு அவர்களுடைய பணம் வேண்டும், அவர்கள் வேண்டாம். நாடகத்தில் கெட்டோ பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் ‘உங்களோடு வியாபாரம் செய்வேன், பேசுவேன், நடப்பேன், ஆனால் உங்களோடு சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன், தொழ மாட்டேன்’ என்று ஷைலக் சொல்லும்போது அந்தப் பூட்டிய வாயில் என் மனதில் இருந்தது. ஒரு நடிகனுக்கு அது பெரிய உதவி.

குழுவில் சீக்கிரமே இரண்டு கட்சி உண்டானது. ஒரு கட்சி, இவன் கத்தியோடு வருகிறவன், வில்லனாகவே காட்டுவோம் என்றது. இன்னொரு கட்சி, இன்றைக்கு அப்படிக் காட்டினால் யூத வெறுப்பை நாமே மேடையேற்றியதாகிவிடும், கடுமையான வரிகளை வெட்டிவிடலாம் என்றது. இரண்டாவது கவலையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாஜி ஆட்சியில் இந்த நாடகம் பிரசாரத்துக்குப் பயன்பட்டது. 1943இல் வியன்னாவில் வெர்னர் கிராஸ் அருவருப்பான ஒரு ஷைலக்காக மேடையேறினார். அது நடந்தபோது யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அப்படி என்றால், இந்தப் பக்கம் எட்மண்ட் கீன் 1814இல் லண்டனில் ஷைலக்குக்காகப் பார்வையாளர்களை இரங்க வைத்தார். ஹென்றி இர்விங் 1879இல் அவனைக் கண்ணியமுள்ள, காயம்பட்ட மனிதனாக நிறுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் சில மேடையேற்றங்கள் கடைசி அங்கத்தையே விட்டுவிட்டு நீதிமன்றத்தோடு திரையை இறக்கின.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகு நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: எந்த வரியையும் வெட்ட வேண்டாம். அசிங்கமான வரிகளை எடுத்துவிட்டால் அப்புறம் பார்வையாளர் இரங்குவது ஷைலக்குக்காக இல்லை, நாம் கழுவித் துடைத்துக் கொடுத்த ஒருவனுக்காக. அதேபோல அன்டோனியோவின் வரிகளை மென்மையாக்கினால் ஷைலக் காரணமே இல்லாத வெறியனாகிவிடுவான். இது மேடைக்கு மட்டும் சொல்வதில்லை. எந்தச் சிக்கலான பாத்திரத்தைப் படிக்கும்போதும், நமக்குப் பிடித்த முடிவுக்கு இடிக்கிற வரி எது என்று முதலில் தேடுங்கள். அங்கேதான் பாத்திரம் உயிரோடு இருக்கிறது.

எனக்கு அப்படி இடித்த முதல் வரி, ஷைலக்கின் முதல் காட்சியிலேயே இருக்கிறது. அன்டோனியோ தூரத்தில் வருகிறான். ஷைலக் நம்மைப் பார்த்துத் தனியாகச் சொல்கிறான்: அவன் கிறித்தவன் என்பதால் வெறுக்கிறேன், அதைவிட, வட்டியில்லாமல் கடன் கொடுத்து வெனிஸில் வட்டி விகிதத்தையே இறக்கிவிடுகிறான் என்பதால் வெறுக்கிறேன். ஒரு பிடி கிடைத்தால் போதும், பழைய பகையைத் தீர்த்துக்கொள்வேன் என்கிறான். இதைக் கேட்ட பிறகுதான் அன்டோனியோ அவனுக்குச் செய்தது நமக்குத் தெரியவருகிறது. ரியால்டோ சந்தையில் பல பேர் முன்னால் திட்டியது, நாய் என்றது, தாடியிலும் அங்கியிலும் துப்பியது, காலால் உதைத்தது. ஷேக்ஸ்பியர் இந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் நாம் முதலில் பரிதாபப்பட்டு, பிறகு வெறுப்பைப் புரிந்துகொண்டிருப்போம். அவர் வெறுப்பை முதலில் காட்டிவிட்டு, பிறகு காரணத்தை வைக்கிறார். நம்மைச் சுலபமாக இரங்க விடுவதில்லை.

அன்டோனியோவின் பதில்தான் என்னை உலுக்கியது. கடன் கேட்டு வந்திருப்பவன் அவன். ‘அப்படிச் செய்யவேயில்லை’ என்று சொல்லலாம், வருத்தம் தெரிவிக்கலாம். அவனோ, இனியும் உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன், இனியும் துப்புவேன், நண்பனுக்குக் கொடுப்பதாக நினைக்காதே, எதிரிக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடு என்கிறான். அன்டோனியோவாக நடித்த நண்பர் இதை முதலில் சாந்தமாகச் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. துப்பியவன் துப்பியவனாகவே நிற்கட்டும் என்றார். அதற்குப் பிறகு என் வசனத்துக்கு எதிரில் ஒரு சுவர் கிடைத்தது.

சதைப் பத்திரத்தை ஷைலக் வேடிக்கை என்று சொல்லித்தான் முன்வைக்கிறான். அந்த நிமிடத்திலேயே கொலைத் திட்டம் இருந்ததா? படிக்கிறவர் இதைத் தீர்மானிக்காமல் விட்டுவிடலாம், நடிக்கிறவர் தீர்மானித்தே ஆக வேண்டும். இல்லை என்று நான் முடிவு செய்தேன். அன்டோனியோவின் கப்பல்கள் திரிபோலிக்கு, இந்தியத் தீவுகளுக்கு, மெக்சிகோவுக்கு, இங்கிலாந்துக்கு என்று நாலா பக்கமும் போயிருக்கின்றன. அத்தனையும் மூன்று மாதத்துக்குள் போய்விடும் என்று நம்பி ஒருவன் கொலை திட்டமிட மாட்டான். துப்பியவன் தன் முன்னால் கடமைப்பட்டு நிற்க வேண்டும், அதுதான் அவன் வாங்க நினைத்த வட்டி. வேறு நடிகர் வேறு முடிவுக்கு வரலாம், மூலத்தில் அதற்கும் இடமிருக்கிறது. ஆனால் முடிவைச் சொன்னால் காரணத்தையும் வரியோடு காட்ட வேண்டும்.

இரண்டாவது காட்சி சின்னது. விருந்துக்குப் போகுமுன் மகள் ஜெசிக்காவிடம் சாவியைக் கொடுத்து, கதவு ஜன்னலைப் பூட்டிக்கொள், தெருவில் போகும் முகமூடி ஊர்வலத்தை எட்டிப் பார்க்காதே என்கிறான். அந்த வீட்டை நரகம் என்று மகள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஷைலக்கைத் தியாகியாக்க விரும்புகிறவர்கள் ஜெசிக்காவின் அந்தச் சொல்லை மறந்துவிடக் கூடாது. அன்றிரவே அவள் நகையும் பணமும் எடுத்துக்கொண்டு காதலன் லொரென்ஸோவோடு போய்விடுகிறாள்.

அப்புறம் வருகிறது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. ‘யூதனுக்குக் கண் இல்லையா? கை இல்லையா? குத்தினால் ரத்தம் வராதா? கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்க மாட்டோமா? விஷம் வைத்தால் சாக மாட்டோமா?’ இந்த இடம்வரை மேற்கோள் காட்டி, மனித சமத்துவத்துக்கான பேச்சு என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் ஏராளம். நிறுத்துகிற இடத்துக்கு அடுத்த வரியே, ‘எங்களுக்குக் கெடுதல் செய்தால் நாங்கள் பழிவாங்க மாட்டோமா?’ என்பது. அங்கிருந்து பேச்சு பழிவாங்கலை நோக்கியே போகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்த கொடுமையையே செய்து காட்டுவேன், கற்றுக்கொடுத்தவர்களைவிட நன்றாகச் செய்வேன் என்று முடிகிறது.

யாரிடம் பேசுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். நீதிபதியிடம் இல்லை, நண்பனிடம் இல்லை. மகள் ஓடிப்போனதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டும் இரண்டு பேரிடம். ‘அன்டோனியோவின் சதை உனக்கு எதற்கு?’ என்று அவர்கள் கேட்க, ‘மீன் பிடிக்க இரையாகும்’ என்று ஆரம்பிக்கிறது பேச்சு. ஒத்திகையில் இதை இரண்டு விதமாகவும் பேசிப் பார்த்தோம். குரல் தழுதழுக்க, இரக்கம் கோரும் பேச்சாகச் சொன்னால் பழிவாங்கல் வரிகள் எங்கிருந்தோ வந்து ஒட்டியவைபோல் இருந்தன. கோபமான வாதமாக, ஒவ்வொரு கேள்வியும் எதிராளியை ஒரு படி பின்னால் தள்ளுவதாகச் சொன்னபோது முழுப் பேச்சும் ஒன்றாக நின்றது. அதிசயம் என்னவென்றால், இரக்கம் கேட்காத அந்த விதத்தில்தான் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் கண் கலங்கினார்கள். இரக்கத்தைக் கேட்டு வாங்காதீர்கள் என்று இப்போது புதிதாக வருகிற நடிகர்களிடம் சொல்கிறேன்.

அதே காட்சியில் டூபல் வருகிறான். ஷைலக்கின் சமூகத்தவன். ஒரு செய்தி ஜெசிக்கா பற்றி, அடுத்தது அன்டோனியோ பற்றி என்று மாற்றி மாற்றிச் சொல்கிறான். ஷைலக் துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நடுவே இழுபடுகிறான். என் காலடியில் மகள் செத்துக் கிடக்கட்டும், காதில் அந்த நகைகளோடு என்கிறான். எந்தத் தகப்பன் சொல்லக்கூடிய வரி இது? கொஞ்சம் தள்ளி, மகள் ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கு வாங்கினாள் என்று டூபல் சொல்கிறான். அது லியா கொடுத்த மோதிரம், எனக்குக் கல்யாணம் ஆகுமுன் அவளிடம் வாங்கியது, ஒரு காடு நிறையக் குரங்குகளைக் கொடுத்தாலும் அதைக் கொடுத்திருக்க மாட்டேன் என்கிறான். லியா அவன் மனைவி. இந்த நாடகத்தில் அவள் பெயர் வருவது இந்த ஒரே இடத்தில். அந்த இரண்டு பேச்சையும் ஒரே மூச்சில் பேச வேண்டிய நடிகனுக்கு வில்லன் என்றும் பாவப்பட்டவன் என்றும் பிரித்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

அதற்கும் மேலே ஒன்று. அன்டோனியோவைக் கைது செய்ய அதிகாரியை ஏற்பாடு செய்யும்படி டூபலிடம் சொல்கிறான். அன்டோனியோ வெனிஸில் இல்லாமல் போனால் நான் நினைத்தபடி வியாபாரம் செய்யலாம் என்கிறான். மகள் போன துயரத்தின் நடுவில் வியாபாரக் கணக்கு! எங்கள் ஒத்திகையில் இந்த வரி வரும்போதெல்லாம் ஒரு சங்கடமான அமைதி விழும். வெட்டிவிடலாமா என்று மறுபடியும் பேச்சு வந்தது. வெட்டவில்லை.

நீதிமன்றக் காட்சிக்கு வருமுன் நான் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும், படிக்கிறவர்களுக்கும் அது உதவும். வசனப் பிரதியில் இரண்டு நிறப் பென்சில்களால் குறித்தேன். ஷைலக் வேறு விதமாக முடிவெடுத்திருக்கக்கூடிய இடமெல்லாம் சிவப்பு. மற்றவர்கள் அவன் விஷயத்தில் வேறு விதமாக முடிவெடுத்திருக்கக்கூடிய இடமெல்லாம் நீலம். முதல் காட்சியில் இரண்டு நிறமும் கலந்து கிடந்தன. நீதிமன்றத்தில் முன்பாதி முழுக்கச் சிவப்பு. இரண்டு பங்காக 6000 டக்கட் தருகிறேன் என்கிறான் பஸ்ஸானியோ, வேண்டாம். மூன்று பங்கு தருகிறார்கள், பத்திரத்தைக் கிழித்துவிடு என்கிறாள் போர்ஷியா, முடியாது. ரத்தம் போய்ச் சாகாமல் இருக்க ஒரு மருத்துவரையாவது கூட்டி வா என்றால், அது பத்திரத்தில் இருக்கிறதா என்று கேட்கிறான். செருப்பின் அடியில் கத்தியைத் தீட்டுகிறான். தராசு தயாராக இருக்கிறது. துப்பியது, உதைத்தது, மகள் போனது எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கத்தியை அவன் கையில் அவனே வைத்திருக்கிறான். விட்டுவிட ஒவ்வொரு வாய்ப்பும் கொடுக்கப்படுகிறது, ஒவ்வொன்றையும் அவனே தள்ளுகிறான். இங்கே அவனைப் பாவப்பட்டவன் என்று மட்டும் சொன்னால், அவனுக்கென்று ஒரு மனம் இருப்பதையே மறுக்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நடுவே அவன் ஒரு கேள்வி கேட்கிறான், எனக்கு மிகவும் பிடித்த இடம். உங்களில் பலர் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள். கழுதை, நாய்போல வேலை வாங்குகிறீர்கள். அவர்களை விடுதலை செய்யுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிவையுங்கள் என்று நான் சொன்னால், ‘அடிமைகள் எங்கள் சொத்து’ என்பீர்கள். இந்தச் சதையும் நான் விலை கொடுத்து வாங்கியதுதான். யாரும் பதில் சொல்வதில்லை. வெனிஸின் ஆட்சியாளரான டியூக், இந்த விசாரணையை ஒத்திவைக்க எனக்கு அதிகாரம் உண்டு என்று பேச்சை மாற்றுகிறான். கொலை செய்ய வந்தவன் வாயிலிருந்து அந்த அவையில் யாரும் மறுக்க முடியாத உண்மை வருகிறது. அதனால் அவன் நல்லவனாகிவிடவில்லை. அவை நல்லதாகவும் இல்லை.

ரத்தம் சிந்தக் கூடாது என்ற வரியிலிருந்து பிரதியில் சிவப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் முழுக்க நீலம். வெனிஸ் குடிமகன் ஒருவனின் உயிருக்கு அந்நியன் குறிவைத்தால் அந்நியனின் சொத்தில் பாதி அந்தக் குடிமகனுக்கு, பாதி அரசுக்கு, அந்நியனின் உயிர் டியூக்கின் தயவில் என்று சட்டம். வாழ்ந்து தொழில் செய்யும் ஊரில் ஷைலக் அந்நியன். டியூக் உயிரை விட்டுவிடுகிறான். அன்டோனியோ நிபந்தனை போடுகிறான்: உடனே கிறித்தவனாக வேண்டும், சொத்து பிற்பாடு லொரென்ஸோவுக்கும் ஜெசிக்காவுக்கும் போக வேண்டும். அன்றைய பார்வையாளர்களில் பலருக்கு அது அவன் ஆன்மாவுக்குச் செய்த நன்மையாகக்கூடத் தோன்றியிருக்கலாம். இன்று நம்மால் அப்படிப் பார்க்க முடியாது. மதத்தோடு அவன் ஆட்களும் தொழிலும் போகின்றன. கருணை பற்றி அவ்வளவு அழகாகப் பேசிய போர்ஷியா, ‘திருப்தியா யூதனே?’ என்று கேட்கிறாள். சம்மதம் என்கிறான். உடம்பு சரியில்லை, என்னைப் போகவிடுங்கள், சொத்துப் பத்திரத்தை அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான். நீளமாகப் பேசியே வந்தவனுக்கு இறுதியில் மூன்று வரிகூட முழுதாக இல்லை. அதில் நான் எந்த நடிப்பும் சேர்க்கவில்லை. விழவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டு வெளியேறினேன்.

கடைசி அங்கத்தையும் முழுதாகப் போட்டோம். நிலா, இசை, போர்ஷியா பஸ்ஸானியோவுக்குக் கொடுத்த மோதிரம் பற்றிய கேலி. மேடையில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். பார்வையாளர் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்வதா வேண்டாமா என்று அவரே தீர்மானிக்கட்டும்.

நாடகம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், ‘உங்க மேல பாவமா இருந்துச்சு தம்பி, அதான் எனக்குக் கோபம். கத்தி தீட்டுனவன் மேல நான் ஏன் பாவப்படணும்?’ என்றார். எங்களுக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம் அது. பாவப்படுவதை மன்னிப்போடு சேர்த்துப் பார்ப்பதால்தான் அந்தக் கோபம் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். ஒருவனுக்கு நடந்தது ஒரு கணக்கு, அவன் செய்தது இன்னொரு கணக்கு. ஒன்றை இன்னொன்றில் கழித்தால் இரண்டுமே தப்பாகிவிடும். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் பேசினோம்.

இதைப் பரீட்சைக்கோ கட்டுரைக்கோ படிக்கிற பிள்ளைகள் ‘ஷைலக் இரண்டும்தான்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். எந்தக் காட்சியில் எது, எந்த வரியில் அது மாறுகிறது, அந்த இடத்தில் யாருக்கு வேறு வழி இருந்தது என்று எழுதுங்கள். சிவப்பும் நீலமும் போட்டுப் பாருங்கள். உங்கள் பிரதியில் நிறம் விழும் இடங்கள் என்னுடையதைப் போல இருக்காது, அதைப் பற்றி வாதாடலாம்.

எங்கள் குழு இந்த நாடகத்தை மறுபடியும் எடுக்கிறது. இந்த முறை நான் அன்டோனியோ. சாவின் விளிம்பிலிருந்து இப்போதுதான் தப்பியவன், மார்புச் சட்டை இன்னும் திறந்தே இருக்கிறது, தன்னைக் கொல்ல வந்தவனுக்குக் கருணை காட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டே அவன் மதத்தைக் கேட்கிறான். அதை அவன் எந்தக் குரலில் கேட்டிருப்பான் என்பதில்தான் இப்போது என் ஒத்திகை போய்க்கொண்டிருக்கிறது.